கைமாறும் நினைவுகள்

1964-ஆம் ஆண்டு மே திங்கள் 27-ஆம் நாள் பண்டித ஜவாஹர்லால் நேரு காலமானார். அவ்வாண்டைத் தாங்கி வெளிவந்த ஒரு ரூபாய், 50 காசு நாணயங்களில் அவருடைய முகம் பொறிக்கப்பெற்றிருந்தது. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நினைவு நாணயங்கள் அவையே. நிக்கல் உலோகத்தாலான அந்நாணயங்கள் காட்சிப் பெட்டிக்கென அடிக்கப்பட்டவை அல்ல. கல்லாப் பெட்டிக்கென அடிக்கப்பட்டவை. செய்தித்தாள் வாங்க வசதியற்ற வீடுகளுக்கும், வானொலிப் பெட்டியைக் கண்டிராத சிற்றூர்களுக்கும் நேருவின் முகம் உப்பும் மிளகாயும் வாங்கிய பின் மிஞ்சிய சில்லறையாகச் சென்று சேர்ந்தது.

இதிலுள்ள புதுமையை எண்ணிப் பார்க்க வேண்டும். 1950-இல் இந்தியக் குடியரசு தன் நாணயத்தை அமைத்தபோது ஆங்கில மன்னரின் தலையை அகற்றிவிட்டு அசோகரின் சிங்கத் தூணை அவ்விடத்தில் வைத்தது. ரூபாயின் மறுபுறத்தில் இரண்டு தானியக் கதிர்கள் அமைந்தன. பதினான்கு ஆண்டுகள் நம் நாட்டுக் காசுகள் மனித முகமின்றியே புழங்கின. பின்னர் வந்த முதல் முகம் ஆள்பவருடையதன்று, மறைந்தவருடையது. மன்னரின் முகம் அவர் உயிருடன் இருந்து ஆளுகிறார் என அறிவிப்பது. நேருவின் முகமோ அவர் இனி இல்லை என அறிவித்தது. இந்த வேறுபாடு விளங்கிவிட்டால் நினைவு நாணயம் என்பது என்னவென்று தனியே வரையறுக்க வேண்டியதில்லை.

அரபு மொழியில் 'ஸிக்கா' என்னும் சொல் தொடக்கத்தில் நாணயத்தைக் குறிக்கவில்லை. நாணயத்தின் மீது எழுத்தைப் பதிக்கும் இரும்பு அச்சையே குறித்தது. பின்னர் அந்த அச்சால் விழுந்த பதிவைக் குறித்தது. அதற்கும் பின்னர் அப்பணியை மேற்பார்க்கும் அரசுப் பதவியைக் குறித்தது. இப்னு கல்தூன் தம்முடைய 'முகத்திமா'வில் இப்பொருள் மாற்றத்தைத் தெளிவாக விளக்கியிருக்கிறார். ஜும்ஆ குத்பாவில் பெயர் கூறப்படுவதும், ஸிக்காவில் பெயர் பொறிக்கப்படுவதும் ஒருவருடைய ஆட்சிக்கு இரு சான்றுகளாகப் பல நூற்றாண்டுகள் கருதப்பட்டு வந்தன. உமையாக் கலீஃபா அப்துல் மலிக் முதலில் வாளேந்தி நிற்கும் கலீஃபாவின் உருவம் கொண்ட தீனார்களை அடித்தார். ஹிஜ்ரி 77-இல், அதாவது கி.பி. 696-97-இல், உருவத்தை முற்றிலும் நீக்கி எழுத்து மட்டுமே உடைய தீனாரைக் கொண்டுவந்தார். அதன் பின் முஸ்லிம் அரசுகளின் நாணயங்களில் பெரும்பாலும் எழுத்தே ஆட்சி செய்தது. ஆண்டும் ஊரும் பொறிக்கும் வழக்கம் ஊன்றியதால், அக்காசுகள் ஒவ்வொன்றும் ஒரு சிறு வரலாற்று ஏடாகவே இன்று பயன்படுகின்றன.

ஒரு நிகழ்ச்சியை நினைவுகூரவே காசு அடிப்பது நம் நாட்டில் குடியரசு கண்டுபிடித்த வழக்கமன்று. ஹிஜ்ரி ஆயிரமாவது ஆண்டு நெருங்கியபோது பேரரசர் அக்பர் 'அல்ஃப்', அதாவது ஆயிரம், என்னும் சொல்லைப் பொறித்து நாணயங்கள் வெளியிட்டார். 1601-இல் தக்காணத்தின் வாயிலெனப்பட்ட அஸீர்கட் கோட்டை அவரிடம் வீழ்ந்ததும், பருந்தின் உருவம் தாங்கிய பொன் மொஹர் அடிக்கப்பெற்றது. ஜஹாங்கீர் 1613-இல் அடிக்கச் செய்த ஆயிரம் தோலா மொஹரின் எடை ஏறத்தாழ 12 கிலோ. அதைக் கொண்டு எந்தக் கடையில் எதை வாங்குவது? அது காட்டுவதற்கான பொன், கொடுத்து வாங்குவதற்கானதன்று. இதற்கு நேர்மாறானது 'நிஸார்' எனப்பட்ட மெல்லிய சிறு வெள்ளிக்காசு. நஸர என்னும் அரபு வினைக்குச் சிதறுதல், இறைத்தல் என்று பொருள். முடிசூட்டு நாளிலும் ஊர்வல நாளிலும் கூட்டத்தின் மீது இறைக்கவென்றே முகலாயர் அதை அடித்தனர். பெட்டியில் வைக்கும் நினைவு ஒன்று; தெருவில் இறைக்கும் நினைவு மற்றொன்று. இவ்விரு போக்குகளும் நம் காலத்து நினைவு நாணயங்களிலும் இருப்பதை மேலே காண்போம்.

ஆங்கிலேயர் காலத்து நிகழ்ச்சி ஒன்றை இங்கே சொல்லாமல் கடக்க இயலவில்லை. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் பெயரால் 1911-இல் வெளிவந்த ரூபாயில், மன்னரின் மேலங்கியில் ஒரு யானை உருவம் அமைந்திருந்தது. பொறித்தவரின் கைவாகு அப்படியோ, உருவம் சிறிதாகிப் போனதாலோ, அது யானையைப் போலன்றிப் பன்றியைப் போலத் தோன்றிற்று. முஸ்லிம்களிடையே மனவருத்தம் எழுந்தது. அரசு வெளியீட்டை நிறுத்தியது. அடித்து வைத்திருந்தவற்றில் மிகப் பெரும்பகுதி உருக்கப்பட்டது. 1912-இல் துதிக்கை தெளிவாகத் தெரியும்படி திருத்திய அச்சு வந்தது. இன்று அந்த 1911 ரூபாயைச் சேகரிப்போர் 'பன்றி ரூபாய்' என்றே அழைக்கின்றனர். நாணயத்தின் மீதுள்ள படத்தை மக்கள் பார்ப்பதேயில்லை என்று சொல்வோர் இதை நினைவிற் கொள்ளட்டும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் காசைத் திருப்பிப் பார்த்தே வாங்குவார்.

நேருவுக்கு அடுத்து 1969-இல் காந்தியடிகளின் நூற்றாண்டு வந்தது. 20 காசு, 50 காசு, ஒரு ரூபாய் ஆகிய மூன்றிலும் அண்ணலின் முகம் வந்தது. அவற்றோடு பத்து ரூபாய் வெள்ளி நாணயம் ஒன்றும் வந்தது. 15 கிராம் எடை. நூற்றுக்கு 80 பங்கு வெள்ளி. அடுத்த ஆண்டு வெளிவந்த பத்து ரூபாயும் அதே அளவில் அமைந்தது. 1972-இல் விடுதலையின் வெள்ளி விழாவுக்கு வந்த பத்து ரூபாயின் எடை 22.5 கிராமாகக் கூடிற்று. ஆனால் வெள்ளியின் பங்கு 50 விழுக்காடாகக் குறைந்தது. கணக்கிட்டுப் பாருங்கள். முன்னதில் இருந்த தூய வெள்ளி 12 கிராம், பின்னதில் 11.25 கிராம். கைக்குக் கனம் ஏறியது. உள்ளே வெள்ளி இறங்கியது. 1974-இல் வந்த பத்து ரூபாய் நினைவு நாணயத்தில் வெள்ளியே இல்லை. செம்பும் நிக்கலும் கலந்த உலோகமே இருந்தது. வெள்ளி 50 ரூபாய் நாணயத்திற்கு இடம் பெயர்ந்துவிட்டது. ஐந்தே ஆண்டுகளில் பத்து ரூபாய் என்னும் சொல்லின் மதிப்பு எவ்வளவு இறங்கிற்று என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மத்ரஸாவில் ஸக்காத் பாடம் ஓதியவர்களுக்குக் கலப்பு வெள்ளி பற்றிய மஸ்அலா நினைவிருக்கும். ஷாஃபிஈ நூல்களில், கலப்பு நாணயத்திலுள்ள தூய வெள்ளி நிஸாப் அளவை எட்டினாலன்றி அதன் மீது ஸக்காத் கடமையாவதில்லை. ஹனஃபி நூல்களிலோ, வெள்ளி மிகுந்திருந்தால் அந்நாணயம் வெள்ளியின் சட்டத்தையே பெறும். சரிபாதியாக இருந்தால் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. இருநூறு திர்ஹத்தை 595 கிராம் எனக் கொள்ளும் கணக்குப்படி, 1969-ஆம் ஆண்டுப் பத்து ரூபாய் 50 இருந்தால் அதிலுள்ள வெள்ளி நிஸாபை எட்டும். 1972-ஆம் ஆண்டு நாணயமாயின் 53 வேண்டும். சரிபாதிக் கலப்பாகிய பின்னதில் ஹனஃபி அறிஞர்களின் கருத்து வேறுபாடும் வந்து சேரும். இதில் தீர்ப்பு வழங்குவது நம் நோக்கமன்று. பழைய கிதாபுகளில் 'மக்ஷூஷ்' என்று ஓதிச் சென்ற சொல் எவ்வளவு அண்மைக்காலத்துச் செய்தியைப் பேசுகிறது என்பதையே சுட்டுகிறோம்.

இனி உணவு நாணயங்கள். நம் நாட்டு நினைவு நாணயங்களின் வரலாற்றில் நெஞ்சைத் தொடுகின்ற பகுதி இதுவென்றே கூறுவோம். 1965, 1966 ஆகிய இரண்டு ஆண்டுகளும் அடுத்தடுத்து மழை பொய்த்தன. அமெரிக்கக் கோதுமைக் கப்பல் வந்தால்தான் பங்கீட்டுக் கடை திறக்கும் என்னும் நிலை பல இடங்களில் இருந்தது. அதே காலத்தில் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம், உணவைப் பற்றிய செய்தியைத் தாங்கும் நாணயங்களை அடிக்குமாறு உலக நாடுகளை ஊக்கிற்று. இந்தியா அதனை ஆர்வத்துடன் ஏற்றது. 1970-இல் 20 காசிலும் பத்து ரூபாயிலும் 'அனைவருக்கும் உணவு' என்னும் கருத்து பொறிக்கப்பெற்றது. 1973-இல் 'உணவு உற்பத்தியைப் பெருக்குக'. 1974-இல் 'திட்டமிட்ட குடும்பம், அனைவருக்கும் உணவு'. 1975-இல் அனைத்துலக மகளிர் ஆண்டையொட்டிச் சமத்துவம், வளர்ச்சி, அமைதி. 1976-இல் 'அனைவருக்கும் உணவும் வேலையும்'. 1977-இல் 'வளர்ச்சிக்காகச் சேமிப்பீர்'. 1978-இல் 'அனைவருக்கும் உணவும் உறையுளும்'. 1979-இல் குழந்தைகள் ஆண்டு. 1980-இல் சிற்றூர்ப் பெண்களின் முன்னேற்றம். 1981-இல் உலக உணவு நாள்.

இவற்றின் சிறப்பு எங்கே இருக்கிறது? ஐம்பது ரூபாய் வெள்ளியில் அன்று. அலுமினியத்தாலான ஐந்து காசிலும் பத்துக் காசிலும் இருக்கிறது. விளிம்பு வளைந்த பத்துக் காசும் நாற்கோண ஐந்து காசும் ஏழையின் காசுகள். முந்தானையில் முடியப்படுபவை, கூலியாளின் மடியில் கிடப்பவை, மிட்டாய்க் கடைக்குச் செல்லும் பிள்ளையின் உள்ளங்கையில் வியர்ப்பவை. பசியைப் பற்றிய செய்தியைப் பசித்தவரின் காசிலேயே பொறித்தது பொருத்தமான செயல். முகலாயர் இறைத்த நிஸாரைப்போல இவையும் கூட்டத்தை நோக்கியே சென்றன. ஆயின் செய்தி எந்த மொழியில் இருந்தது? இந்தியிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. ரூபாய்த் தாளிலாவது மொழிப் பட்டியலில் தமிழுக்கு ஒரு வரி உண்டு. காசில் அதுவுமில்லை. தஞ்சை உழவருக்கு 'உணவு உற்பத்தியைப் பெருக்குக' என்று அறிவுரை சொன்ன அரசு, அதை அவர் படிக்க முடியாத எழுத்தில் சொல்லிற்று. அறிவுரை அவருக்குத் தேவைப்பட்டதா என்பது வேறு கேள்வி.

இதே ஆண்டுகளில் விலைவாசி ஏறியதும், நாணயத்தில் வெள்ளி மறைந்ததும், சொற்கள் பெருகியதும் ஒன்றாக நடந்தன என்பதை வரலாறு பயில்வோர் கவனிக்க வேண்டும். ஹிஜ்ரி 808-இல், கி.பி. 1405-ஐ ஒட்டி, எகிப்தின் வரலாற்றறிஞர் அல்மக்ரீஸீ தம் நாட்டுப் பஞ்சங்களைக் குறித்து ஒரு சிறு நூல் எழுதினார். நைல் நதி பொய்த்ததை மட்டும் அவர் காரணமாகக் கூறவில்லை. ஆட்சியின் சீர்கேட்டையும், வெள்ளித் திர்ஹம் மறைந்து செப்புக் காசுகளான 'ஃபுலூஸ்' சந்தையில் பெருகியதையும் காரணமாகக் கூறினார். (வளைகுடா சென்று வந்த நம் பிள்ளைகள் பணத்தை ஃபுலூஸ் என்று சொல்லும்போது, அது மதிப்பிழந்த செப்புக் காசின் பெயர் என்பதை அறியார்.) மக்ரீஸீயின் கருத்தை அப்படியே நம் நாட்டிற்குப் பொருத்த முடியாது, குடியரசின் சிறு காசுகள் உலோக மதிப்பை நம்பிப் புழங்கியவை அல்ல. எனினும் பஞ்சத்தையும் காசையும் ஒரே ஏட்டில் வைத்துப் பார்க்கும் பழக்கத்தை அவரிடமிருந்து கற்கலாம்.

1974-ஆம் ஆண்டுப் பத்துக் காசில் முக்கோணம் ஒன்றும் குடும்பமும் பொறிக்கப்பட்டிருந்தன. அன்று அது ஓர் அறிவுரை. 1975 ஜூன் 25-ஆம் நாள் நெருக்கடி நிலை அறிவிக்கப்பெற்றது. அடுத்து வந்த மாதங்களில் குடும்பக் கட்டுப்பாடு பல இடங்களில் அறிவுரையாக நிற்கவில்லை, கட்டாயமாயிற்று. 1976 ஏப்ரலில் தில்லியின் துர்க்மான் வாயிலில் வீடுகள் இடிக்கப்பட்டதும், எதிர்த்த மக்கள் மீது காவலர் சுட்டதும் இந்நாட்டு முஸ்லிம்கள் மறக்கக்கூடிய செய்திகள் அல்ல. அவ்வாண்டின் நாணயம் அனைவருக்கும் உணவும் வேலையும் என்று பேசிற்று. காசின் ஒரு புறத்தில் நாட்டின் இலச்சினை; மறுபுறத்தில் நல்ல சொல். அதைக் கையில் வைத்திருந்தவரின் வீடு எங்கே என்று காசு சொல்லாது. நினைவு நாணயம் அரசின் விருப்பத்தைக் காட்டும் சான்று. அரசின் செயலுக்குச் சான்று வேறெங்கோ தேட வேண்டும்.

ஒருவரையேனும் இவ்வுணவுக் கதையில் நாணயம் மறக்கவில்லை என்பது ஆறுதல். 1964 முதல் நடுவண் அரசின் உணவு, வேளாண்மை அமைச்சராக இருந்து, புதிய கோதுமை விதைகளைக் கொண்டுவந்து பசுமைப் புரட்சிக்கு வழிவகுத்தவர் நம் சி. சுப்பிரமணியம். அவருடைய நூற்றாண்டாகிய 2010-இல் ஐந்து ரூபாய் நாணயத்தில் அவர் முகம் வந்தது. 'உணவைப் பெருக்குக' என்று காசு பேசத் தொடங்கு முன்பே அதற்கான வேலையைச் செய்தவரின் முகம் நாற்பது ஆண்டுகள் கழித்து வந்தது.

1980களிலிருந்து நினைவு நாணயங்கள் விரைந்து பெருகின. 1982-இல் நாட்டின் வரைபடத்தில் கொடியைப் பொறித்த தேசிய ஒருமைப்பாட்டு நாணயமும், தில்லி ஆசிய விளையாட்டு நாணயங்களும் வந்தன. 1985-இல் இந்திரா காந்தியின் நினைவாக வந்ததே புழக்கத்துக்கான முதல் ஐந்து ரூபாய் நாணயம். 1990-இல் டாக்டர் அம்பேத்கர் ஒரு ரூபாயில் வந்தார். 1991-இல் ஸ்ரீபெரும்புதூரில் கொல்லப்பட்ட ராஜீவ் காந்தியின் முகம் அவ்வாண்டே ஒரு ரூபாயில் வந்தது. 1995-இல் தஞ்சையில் நடந்த எட்டாம் உலகத் தமிழ் மாநாட்டிற்குத் திருவள்ளுவர் உருவம் தாங்கிய நாணயங்கள் வந்தன. 2003-இன் காமராசர் நூற்றாண்டிற்கும் நாணயம் உண்டு. 2009-இல் அறிஞர் அண்ணாவின் நூற்றாண்டு ஐந்து ரூபாயில் அவருடைய கையொப்பம் தமிழிலேயே பொறிக்கப்பெற்றது. தமிழ் மாநாட்டு நாணயத்தில்கூட இடம்பெறாத தமிழ் எழுத்து, ஒரு மனிதரின் கையொப்பமாகக் காசுக்குள் நுழைந்தது நயமான செய்தி.

1997-இல் விடுதலையின் பொன்விழாவையொட்டி வந்த ஒரு ரூபாயில் அந்தமான் செல்லுலார் சிறைக் கட்டடம் பொறிக்கப்பட்டது. அந்தமான் என்றவுடன் மத்ரஸா மாணவர்களுக்கு மௌலானா ஃபள்லே ஹக் கைராபாதியின் நினைவு வரும். தர்க்கக் கலையிலும் அரபு இலக்கியத்திலும் பேரறிஞரான அவர், 1857-ஆம் ஆண்டுப் போராட்டத்துக்காகத் தீவாந்தர தண்டனை பெற்று 1861-இல் அத்தீவிலேயே உயிர் நீத்தார். செல்லுலார் சிறை அவர் காலத்துக்குப் பின்னரே எழுந்தது. அதன் அறைகளை அவர் கண்டதில்லை. ஆயினும் அந்த ரூபாய் கைக்கு வந்தபோதெல்லாம் நாம் மாணவர்களுக்கு அவரைப் பற்றிச் சொல்லியதுண்டு. காசு கட்டடத்தைக் காட்டும். பெயர்களைச் சொல்வது ஆசிரியர் வேலை. பிற்காலத்தில், மக்கா நகரில் பிறந்து இந்நாட்டின் முதல் கல்வி அமைச்சரான மௌலானா அபுல் கலாம் ஆஸாதின் 125-ஆம் பிறந்த ஆண்டையொட்டி அவர் முகமும் ஐந்து ரூபாயில் வந்தது. கஸல் பாடகி பேகம் அக்தருக்கும் அவருடைய நூற்றாண்டில் நாணயம் கிடைத்தது.

முகங்கள் பெருகியதன் மறுபக்கத்தை இனிக் கூற வேண்டும். 2009 முதல் இரு உலோகங்களாலான பத்து ரூபாய் நாணயம் புழக்கத்துக்கு வந்தது. பொது அமைப்புடையதும், வெவ்வேறு நினைவுகளுக்கு வந்தவையும், 2010-இல் ரூபாய்க் குறியீடு ஏற்கப்பட்ட பின் அக்குறியீட்டோடு வந்தவையுமாகப் பல அமைப்புகள் பெருகின. ஒன்றில் கதிர்க்கோடுகள் பத்து, இன்னொன்றில் பதினைந்து. எது மெய், எது போலி என்று கடைத்தெருவில் ஓர் ஐயம் முளைத்தது. பதினைந்து கோடு செல்லாது என்றார் ஒருவர். குறியீடு இல்லாதது செல்லாது என்றார் வேறொருவர். தமிழ்நாட்டின் பல ஊர்களில் வணிகர்களும் பேருந்து நடத்துநர்களும் அந்நாணயத்தையே வாங்க மறுத்தனர். ரிசர்வ் வங்கி 2016 நவம்பரில் விளக்கம் தந்தது. 2018 ஜனவரி 17-இல் மீண்டும் அறிக்கை வெளியிட்டு, அதுவரை 14 அமைப்புகளில் பத்து ரூபாய் நாணயம் வெளிவந்துள்ளது, அனைத்தும் செல்லும் என்று உறுதி கூறிற்று. அறிக்கைக்குப் பின்னும் மறுப்பு எளிதில் தீரவில்லை.

துன்பம் எவருக்கு வந்தது? வங்கிக் கணக்கு வைத்திருந்தவருக்கு அன்று. கூடையில் மீன் விற்கும் அம்மாவுக்கு வந்தது. அவர் வாடிக்கையாளரிடம் வாங்க மறுத்தால் மீன் விற்காது. வாங்கினால் மொத்த வணிகர் மறுப்பார். அரசு முத்திரையிட்ட பத்து ரூபாய் அவர் சுருக்குப் பையில் பயனின்றிக் கிடந்தது. அந்நாட்களில் பள்ளிவாசல் உண்டியலில் பத்து ரூபாய் நாணயங்கள் வழக்கத்துக்கு மாறாகக் குவிந்ததை நாமும் கண்டோம். கடைக்காரர் மறுத்ததை அல்லாஹ்வின் இல்லம் மறுக்காது என்னும் துணிவு போலும்! தமிழில் நாணயம் என்னும் சொல் காசையும் குறிக்கும். வாக்குத் தவறாமையையும் குறிக்கும். பதினான்கு முகம் காட்டினால் இரண்டாவது பொருள் தேய்ந்து போவதில் வியப்பில்லை. நினைவுகூர்வதற்கு ஒரு பக்கம் மாறலாம். ஆயின் மாற்றத்தை மக்களுக்கு முன்னரே அறிவிக்கும் கடமை அச்சடிப்பவருக்கு உண்டு. அறிவிப்பு அறிக்கையாக நகரத்துச் செய்தித்தாளில் வந்தால் மீன்கூடைக்கு அது வந்து சேராது.

குகைத் தோழர்களின் வரலாறு நம் இல்லங்களில் வெள்ளிதோறும் ஓதப்படும் அத்தியாயத்தில் வருவது. நெடுந்துயில் நீங்கி எழுந்தவர்கள் தம்மில் ஒருவரிடம் வெள்ளிக் காசைக் கொடுத்து உணவு வாங்கி வர அனுப்பினார்கள். அந்தக் காசு பழைய மன்னன் ஒருவனுடையது என்று கண்ட ஊரார் திகைத்ததாக விரிவுரையாளர்கள் எழுதுகின்றனர். 1969-ஆம் ஆண்டின் காந்தி 20 காசை இன்று ஒருவர் கடையில் நீட்டினால் அதே நிலைதான். 25 காசும் அதற்குக் கீழ்ப்பட்டவையும் 2011 ஜூன் 30 முதல் செல்லாதவையாயின. உணவு பற்றிப் பேசிய ஐந்து காசும் பத்துக் காசும் இருபது காசும் அன்றோடு சட்டத்தின் பார்வையில் வெறும் உலோகத் துண்டுகள். 50 காசு மட்டும் தப்பியது. ஆகவே நேருவின் 50 காசு சட்டப்படி செல்லும்; காந்தியடிகளின் 20 காசு செல்லாது.

மற்றொரு போக்கும் இதே காலத்தில் வலுத்தது. தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டிற்கு 2010-இல் ஆயிரம் ரூபாய் நாணயம் அறிவிக்கப்பெற்றது. ரிசர்வ் வங்கியின் 75-ஆம் ஆண்டிற்கு 75 ரூபாய். தாகூரின் 150-ஆம் ஆண்டிற்கு 150 ரூபாய். ஆண்டுக் கணக்கே காசின் மதிப்பாக மாறிவிட்டது! 2023-இல் புதிய நாடாளுமன்றக் கட்டடத்திற்கு 75 ரூபாய் நாணயம் வந்தது. 2024 ஆகஸ்ட் 18-இல் கலைஞர் மு. கருணாநிதி நூற்றாண்டின் 100 ரூபாய் நாணயம் சென்னையில் வெளியிடப்பெற்றது. 'தமிழ் வெல்லும்' என்னும் சொற்கள் அதில் தமிழ் எழுத்தில் அமைந்தன. இத்தகையவை கடைக்கு வருவதில்லை. முன்பதிவு செய்து, பெட்டியோடும் சான்றிதழோடும், முகமதிப்பைப்போலப் பன்மடங்கு விலை கொடுத்து வாங்கப்படுபவை. சேகரிப்போருக்கு அவை மகிழ்ச்சி தரலாம். நாணயச்சாலைக்கு வருவாயும் தரலாம். அவற்றை நாம் பழிக்கவில்லை. ஆனால் 100 ரூபாய் என்று எழுதியதை 100 ரூபாய்க்கு வாங்க முடியாதென்றால், அதை நாணயம் என்பதைவிடப் பதக்கம் என்பதே சொல்லுக்கு நேர்மை செய்வதாகும். ஜஹாங்கீரின் பன்னிரண்டு கிலோ மொஹர் சிறிதாகித் திரும்பி வந்திருக்கிறது, அவ்வளவே.

பள்ளிக்கூடங்களில் வரலாறு கற்பிக்கும் இளம் ஆசிரியர்களுக்கு ஒன்று கூறுவோம். விலையுயர்ந்த பெட்டி நாணயத்தைத் தேட வேண்டாம். வீட்டுப் பெரியவர்களின் தகரப் பெட்டியில் அலுமினியப் பத்துக் காசு நிச்சயம் ஒன்றிரண்டு கிடக்கும். அதை மாணவன் கையில் கொடுத்து ஆண்டைப் படிக்கச் சொல்லுங்கள். ஆண்டின் கீழே வைரக் குறி இருந்தால் பம்பாய் நாணயச்சாலை. விண்மீன் இருந்தால் ஐதராபாத். குறியே இல்லையென்றால் கல்கத்தா. பிறகு அவ்வாண்டில் அரிசி என்ன விலை என்று பாட்டியிடம் கேட்டு வரச் சொல்லுங்கள். பாட்டிமார் விலையை மறப்பதில்லை.

புழங்கும் நினைவு நாணயம் முற்றிலும் மறைந்துவிட்டதென்று கூறுவதும் முறையாகாது. 2022 ஜூன் 6-ஆம் நாள், விடுதலையின் 75-ஆம் ஆண்டு இலச்சினையைத் தாங்கிய ஒரு ரூபாய், இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய், பத்து ரூபாய், இருபது ரூபாய் நாணயங்கள் வெளியிடப்பெற்றன. பார்வையற்றோரும் தடவி அறியும் வண்ணம் அவை அமைக்கப்பெற்றன. அவற்றுக்குப் பெட்டியுமில்லை, சான்றிதழுமில்லை. தேநீர்க் கடையிலும் பேருந்திலும் அவை மற்றக் காசுகளோடு கலந்து வருகின்றன. இருபது ரூபாய் நாணயத்தின் பன்னிரண்டு விளிம்புகளை விரலால் எண்ணிவிட்டு, கண்ணில்லாத ஒருவர் மீதிச் சில்லறையைத் தாமே சரிபார்த்து வாங்கிக்கொள்கிறார்.